அரசு வாசகமும் அரசியல் முழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சாயங்காலம் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு அரசியல் பேசுவது பல வருடப் பழக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வருவார்கள். தேர்தல் நெருங்கினால் பேச்சு முழக்கங்கள் பக்கம் போய்விடும். "இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், பிறகு அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

1. "அரசாங்க வாசகம், கட்சி முழக்கம் ரெண்டும் ஒண்ணுதானே? ஆளுறது கட்சிதானே? எதுக்குப் பிரிச்சுப் பேசணும்?"

ஆளுவது கட்சி என்றாலும் செலவு யாருடையது என்று பாருங்கள். அரசு வாசகம் வரிப்பணத்தில் எழுதப்படுவது. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தாலும் அவர் போகிற ஆஸ்பத்திரிச் சுவரில், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில், தபால் நிலையத்தில் அது இருக்கும். தடுப்பூசி போடு, குழந்தையைப் படிக்க வை என்று ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லும். கட்சி முழக்கம் கட்சிக் காசில் வருவது. அது கேட்பது ஓட்டு.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. அரசு வாசகம் பல வருடம் காதில் விழுந்து விழுந்து நாடே அதை மனப்பாடம் செய்திருக்கும். பிறகு ஒரு தலைவர் அதை எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி மேடையில் சொன்னால், பரப்புகிற செலவு அவருக்கு மிச்சம். இதைத்தான் எதிரொலி என்கிறேன். ஆனால் அந்த வாசகத்தோடு ஒட்டியிருக்கும் பழைய நினைவுகளும் சேர்ந்தே வரும். ஒருவருக்கு இனிப்பான நினைவாக இருப்பது இன்னொருவருக்குப் பயமாக இருக்கலாம். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

2. "'நாம் இருவர் நமக்கு இருவர்' காங்கிரஸ் போட்டதா?"

இல்லை. மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பிரசாரம் அது. அப்போது ஆண்டது காங்கிரஸ் என்பதால் அப்படி ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்துவிட்டது இந்தியா. உலகில் முதல் நாடு நாம்தான். ஆனால் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. 1960-களில்தான் மக்களிடம் கொண்டுபோகும் வேலை வேகம் பிடித்தது.

அந்த வேலையில் பெரிய பங்கு அத்துறையின் அதிகாரியாக இருந்த தீப் தியாகிக்கு உண்டு. தலைகீழான சிவப்பு முக்கோணம், சிரிக்கும் நான்கு முகங்கள் எல்லாம் அந்தக் காலத்து வடிவங்கள். அம்மா, அப்பா, ஒரு பையன், ஒரு பெண். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை, நகை இல்லை, வேட்டியா கால்சட்டையா என்றும் தெரியாது. எந்த மாநிலத்துக்காரர் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக் குடும்பம் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு எளிமையாக வரைந்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் கணக்கு புரிந்துவிடும். ஆரம்பத்தில் "இரண்டு அல்லது மூன்று போதும்" என்றிருந்தது. பிறகு இரண்டாகச் சுருங்கியது.

3. "டிவியே இல்லாத காலத்துல எப்படி எல்லா ஊருக்கும் போச்சு?"

சுவர், வானொலி, சினிமாக் கொட்டகை. படம் போடுவதற்கு முன் அரசின் செய்திப்படங்களைக் காட்டியே ஆக வேண்டும் என்பது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. அதனால் எந்த நடிகரின் படத்துக்குப் போனாலும் முக்கோணத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1968-இல் அரசின் ஆணுறையான நிரோத் வந்தது. டீத்தூளும் சோப்பும் விற்கிற பெரிய கம்பெனிகளின் விநியோக வழியிலேயே அது பெட்டிக்கடை வரை போனது. லாரிக்காரர்கள் வண்டியின் பின்பக்கம் வாசகத்தையும் முக்கோணத்தையும் எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

தமிழில் அந்த வாசகம் நான்கே சொல். "நாம்", "நமக்கு" என்று மோனை. "இருவர்", "இருவர்" என்று முடிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு "நாம் இருவர் நமக்கு ஒருவர்" என்றும், "நாமே குழந்தை, நமக்கேன் குழந்தை" என்றும் நீண்டது. இவ்வளவு எளிதாக வார்த்தையை மாற்றிப் போட முடிந்ததால்தான் அரசியல்வாதிகளுக்கும் அது இவ்வளவு வசதியாக இருக்கிறது.

4. "ராகுல் காந்தி பார்லிமென்ட்ல அதையே சொன்னாரே, என்ன விஷயம்?"

2021 பிப்ரவரி 11, மக்களவையில் பட்ஜெட் விவாதம். 2020 செப்டம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லைகளில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த நேரம். பல வருடங்களுக்கு முன் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு முழக்கம் இருந்தது என்று ஞாபகப்படுத்திவிட்டு, "ஹம் தோ ஹமாரே தோ" என்றார், அதாவது இந்தியில் "நாம் இருவர் நமக்கு இருவர்". கொரோனா வேறு உருவத்தில் திரும்பி வருவதுபோல இந்த முழக்கமும் வேறு உருவத்தில் வந்திருக்கிறது, இன்று நாட்டை நான்கு பேர் நடத்துகிறார்கள் என்றார். அவையில் பெயர் சொல்லவில்லை. ஆட்சியில் இருவர், அவர்களுக்கு வேண்டிய தொழிலதிபர்கள் இருவர் என்பதுதான் குறிப்பு. யார் யார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்ன நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதே நான்கு பேர் கணக்கை காங்கிரஸ் பக்கம் திருப்பினார். கட்சியைப் பார்த்துக்கொள்ள இருவர், பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய மகளும் மருமகனும் இருவர் என்றார். ஒரே வாரத்தில் ஒரே வாசகம் இரண்டு பக்கமும் ஆயுதமானது.

5. "குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் விவசாயச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சும்மா எதுகை மோனைக்காகச் சொன்னதுதானே?"

சம்பந்தம் பொருளில் இல்லை, படத்தில் இருக்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன நான்கு முகங்களை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர், அதற்கு மேல் யாருக்கும் இடமில்லை, அவர்கள் மட்டும் சிரிக்கிறார்கள். அரசுப் பிரசாரத்தில் அது அளவான, மகிழ்ச்சியான குடும்பம். ராகுல் காந்தி அதையே கதவைச் சாத்திக்கொண்ட குடும்பமாகக் காட்டினார்: சலுகையெல்லாம் நாலு பேருக்கு, மற்ற நாடு வெளியே. ஒரு மணி நேரம் பொருளாதாரம் பேசினாலும் இவ்வளவு சீக்கிரம் மனதில் பதியாது. அந்த அளவில் அது கெட்டிக்காரத்தனமான பிரயோகம் என்பது என் கருத்து.

ஆனால் பலவீனமும் அதே இடத்தில்தான். குடும்பம் என்கிற படத்தைக் காங்கிரஸ் எடுத்தால் பதில் எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததுதான். நிர்மலா சீதாராமன் அதைத்தான் செய்தார். அதைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. வட இந்தியாவில் வயதானவர்களுக்கு அந்த வாசகத்தோடு சேர்ந்து வருவது நெருக்கடி நிலைக் காலம்.

6. "எமர்ஜென்சி கட்டாயக் கருத்தடை உண்மையா, இல்ல எதிர்க்கட்சிக்காரங்க ஊதிப் பெருசாக்கினதா?"

உண்மை. நெருக்கடி நிலைக்கால அத்துமீறல்களை விசாரிக்க அமைத்த ஷா கமிஷன் இதைப் பதிவு செய்திருக்கிறது. 1975-76-இல் நாடு முழுக்க நடந்த கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் சுமார் 26 லட்சம். அடுத்த ஒரே வருடத்தில் அது 80 லட்சத்தைத் தாண்டியது. அரசு ஊழியர்களுக்கு, ஆசிரியர்களுக்கு ஆள் பிடிக்கும் இலக்கு வைத்தார்கள். இலக்கை எட்டாதவருக்குச் சம்பளம் நின்றது. இதில் மாட்டியவர்களில் ஏழைகள்தான் அதிகம். சுவரில் சிரித்த நான்கு முகங்கள் அப்படியேதான் இருந்தன. அதே துறை, அதே முக்கோணம், அதே வாசகம். அதுவரை அறிவுரையாகக் கேட்டது அப்போது மிரட்டலாகக் கேட்டது.

1977 தேர்தலில் ஜனங்கள் கணக்கு தீர்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதியிலும் பீகாரின் 54 தொகுதியிலும் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் வடக்கே ஒலித்த முழக்கங்களில் கருத்தடையைச் சொல்லி இந்திரா, அவர் மகன் சஞ்சய், அமைச்சர் பன்சிலால் மூவரையும் தரகர்கள் என்று பெயர் சொல்லித் திட்டியது மிகவும் பிரபலம். தமிழ்நாட்டிலோ காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணி பெரும்பாலான தொகுதிகளை வென்றது. இங்கே அந்தக் கொடுமை அந்த அளவுக்கு நடக்காததும் ஒரு காரணம். அதனால்தான் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்றதும் நமக்கு லாரி ஞாபகம் வருகிறது, அலகாபாத்துக்காரருக்குக் கருத்தடை முகாம் ஞாபகம் வருகிறது. ஆட்சி மாறியதும் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே எடுத்துவிட்டுத் துறைக்குக் குடும்ப நலம் என்று பெயர் வைத்தார்கள்.

7. "இது தலைகீழாவும் நடக்குமா? கட்சி முழக்கம் அரசாங்கத் திட்டமா மாறுமா?"

நிறைய நடக்கும். இந்தியாவில் பெரிய உதாரணம் "கரீபி ஹட்டாவோ". தமிழில் "வறுமையே வெளியேறு". 1971-இல் எதிர்க்கட்சிகள் கூட்டணி சேர்ந்து "இந்திராவை வெளியேற்று" என்றன. அவர்கள் என்னை வெளியேற்றச் சொல்கிறார்கள், நான் வறுமையை வெளியேற்றச் சொல்கிறேன் என்று இந்திரா காந்தி திருப்பினார். 352 இடங்கள் கிடைத்தன. தேர்தல் முடிந்த பிறகு அதே முழக்கம் ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் (1974-79) இலக்காக உட்கார்ந்துகொண்டது. நெருக்கடி நிலை வந்த ஒரு வாரத்துக்குள் அறிவித்த 20 அம்சத் திட்டத்திலும் தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் தி.மு.க. பாட்டாகவே பாடியது "விடியல்". ஆட்சிக்கு வந்ததும் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பெயர் "விடியல் பயணம்". திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் டிக்கெட்டில் தேர்தல் பாட்டின் சொல் எதற்கு என்கிற கேள்வி நியாயமானதுதான். பத்தாவது கேள்வியில் இதன் சட்டப் பக்கம் இருக்கிறது.

8. "ஜெய் ஜவான் ஜெய் கிசான் காங்கிரஸ் முழக்கமா, பி.ஜே.பி. முழக்கமா? ரெண்டு பேரும் சொல்றாங்களே?"

1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி சொன்னது. ஒருபக்கம் பாகிஸ்தானோடு போர், மறுபக்கம் மழை பொய்த்து உணவுப் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நிலை. எல்லையில் நிற்பவனும் ஏர் பிடிப்பவனும் நாட்டைக் காப்பவர்கள் என்றார். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். ஹோட்டல்கள்கூட அன்று இரவு மூடினார்கள். நம்மூர்க்காரரான சி.சுப்பிரமணியம் அப்போது உணவு, வேளாண்மை அமைச்சர். அந்த முழக்கத்துக்குப் பின்னால் புதிய கோதுமை விதைகளும் விவசாயிக்கு ஆதரவு விலையும் வந்தன. வெறும் வாய்ச்சொல்லாக நிற்காததால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் வாஜ்பாய் "ஜெய் விக்யான்", அதாவது அறிவியல் வாழ்க என்று சேர்த்தார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் மோடி "ஜெய் அனுசந்தான்", அதாவது ஆராய்ச்சி வாழ்க என்று மேலும் சேர்த்தார். இப்படி நீட்டிக்கொண்டே போவதில் ஒரு வசதி இருக்கிறது: சாஸ்திரியின் மரியாதையும் கிடைக்கும், தங்கள் முத்திரையும் விழும். ஆனால் 2020 நவம்பரிலிருந்து டெல்லியின் சிங்கு, திக்ரி எல்லைகளில் உட்கார்ந்த விவசாயிகள் நீட்டியதையெல்லாம் விட்டுவிட்டுப் பழையதையே சொன்னார்கள். அங்கே இருந்த பல குடும்பங்களில் அப்பா வயலில், மகன் ராணுவத்தில். அந்த வாசகத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமான சொந்தக்காரர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

9. "'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரத்தாலதான் வாஜ்பாய் தோத்தாரா?"

விளம்பரத்தால் மட்டும் யாரும் தோற்பதில்லை. ஆனால் அந்த விளம்பரம் எதிராளிக்கு வேலையைச் சுலபமாக்கியது. 2003 கடைசியிலும் 2004 தொடக்கத்திலும் நிதியமைச்சகத்தின் செலவில் நாளிதழ்களிலும் டிவியிலும் வந்த அரசு விளம்பரம் அது. பொருளாதாரம் நன்றாக இருக்கிறது, முதலீட்டுக்கு வாருங்கள் என்பதுபோல் ஆரம்பித்தது. தேர்தலை முன்கூட்டியே நடத்துவது என்று முடிவானதும் கட்சியும் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டது. எது அரசு, எது கட்சி என்ற கோடு அங்கே அழிந்தது.

காங்கிரஸ் கேட்டது ஒரே கேள்வி: சாமானியனுக்கு என்ன கிடைத்தது? ஆந்திராவில் வறட்சி, விவசாயிகள் தற்கொலை. அந்த வீட்டில் டிவியைப் போட்டால் நாடு ஒளிர்கிறது என்று வரும். முடிவில் காங்கிரஸுக்கு 145, பி.ஜே.பி.க்கு 138. தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி 39-ஐயும் வென்றது, அதற்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு.

10. "நம்ம வரிப்பணத்துல கட்சிக்கு விளம்பரம் பண்றதைச் சட்டம் தடுக்காதா?"

கொஞ்சம் தடுக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகளின்படி அரசு செலவில் சாதனை விளம்பரம் கூடாது. மற்ற நாட்களுக்காக 2015 மே 13-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: அரசு விளம்பரம் கட்சியை வளர்ப்பதாக இருக்கக் கூடாது, குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர யார் படமும் போடக் கூடாது. மாநிலங்கள் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர்கள் படத்துக்கும் அனுமதி கிடைத்தது.

நம்மூரில் இது எப்படி நடந்தது என்பதற்குச் சென்னைச் சிற்றுந்தைச் சொல்லலாம். 2013 அக்டோபரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த அந்தச் சின்ன பஸ்களின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்திருந்தன. இது இரட்டை இலைச் சின்னம் என்று மு.க.ஸ்டாலின் நீதிமன்றம் போனார். பசுமையைக் காட்டும் இலைகள்தான் என்றது அரசு. 2014 மக்களவைத் தேர்தல் வந்தபோது அவற்றை மறைக்கச் சொன்னது தேர்தல் ஆணையம். பஸ் ஓடியது, இலை மட்டும் மூடியிருந்தது.

2025-இல் அதே வழக்கு ஆள் மாறி வந்தது. "உங்களுடன் ஸ்டாலின்" என்று முதல்வர் பெயரில் அரசு முகாம் நடத்தலாமா என்று அ.தி.மு.க.வின் சி.வி.சண்முகம் வழக்குப் போட்டார். வாழும் தலைவர்கள் பெயரைப் புதிய திட்டங்களுக்கு வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, வழக்குப் போட்டவருக்கே 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. எல்லா மாநிலத்திலும் எல்லாக் கட்சியும் தலைவர் பெயரில் திட்டம் நடத்தும்போது ஒருவரை மட்டும் குறிவைப்பது சரியில்லை என்பது அதன் பார்வை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதே அனுமதியாகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

11. "'நாம் ஐவர், நமக்கு இருபத்தைந்து'ன்னு ஒண்ணு வாட்ஸ்அப்ல வருதே, அது எங்கேருந்து வந்தது?"

2002 செப்டம்பரில் குஜராத்தின் பெச்சராஜியில் அன்றைய முதல்வர் நரேந்திர மோடி பேசிய பேச்சில் "ஹம் பாஞ்ச் ஹமாரே பச்சீஸ்" என்று வந்தது. அந்த வருடக் கலவரத்துக்குப் பிறகு அமைத்த நிவாரண முகாம்களைப் பற்றிப் பேசியபோது சொன்னது. முகாமில் இருந்தவர்கள் முஸ்லிம்கள். ஒரு கணவர், நான்கு மனைவிகள், இருபத்தைந்து பிள்ளைகள் என்பது அதன் பொருள். டிசம்பரில் நடந்த தேர்தலில் 182-க்கு 127 இடங்கள் பி.ஜே.பி.க்கு.

அரசு வாசகத்தின் எதிரொலி எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. மூல வாசகத்தில் "நாம்" என்றால் இந்தியர் எல்லாரும். இதில் "நாம்" என்பது பிறர் வாயில் திணித்த சொல். வீடு எரிந்து முகாமில் படுத்திருக்கும் ஒரு கூட்டத்தைக் காட்டி, நாட்டுக்கு அடங்காதவர்கள் இவர்கள் என்று சொல்ல வைக்கிற வேலை அதற்கு. கணக்கும் பொய். 1992-93-இல் முஸ்லிம் பெண்களின் சராசரிக் குழந்தைப் பேறு 4.4, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 2.36. இந்துப் பெண்களுக்கு அதே காலத்தில் 3.3-லிருந்து 1.94. இரண்டு கோடும் கீழேதான் இறங்குகின்றன, இடைவெளியும் சுருங்குகிறது. வாட்ஸ்அப்பில் வந்தால் இந்த எண்களை அனுப்புங்கள்.

12. "ரெண்டு போதும்னு சொன்னதே அரசாங்கம்தான். அப்புறம் முதலமைச்சர் ஸ்டாலினே பெத்துக்கோங்கன்னாரு. என்னதான் செய்யறது?"

2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் ஸ்டாலின் "பதினாறும் பெற்று" என்ற வாழ்த்தை எடுத்து, தொகுதி குறையும் நிலை வந்தால் நாமும் ஏன் பதினாறு பெறக் கூடாது என்று கேட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் அவசரப்படாதீர்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன் என்றார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் இதையே சொன்னார். இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்றிருந்த சட்டத்தை 2024 நவம்பரில் எடுத்தேவிட்டார்கள்.

காரணம் மக்களவைத் தொகுதிகள். 1976-இல் கொண்டுவந்த 42-ஆவது திருத்தம் தொகுதி எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைத்தது. பிள்ளையைக் குறைத்த மாநிலத்துக்குத் தொகுதியும் குறைந்தால் யார் குடும்பக் கட்டுப்பாட்டைக் கேட்பார்கள் என்பதுதான் அன்றைய நியாயம். 2001-இல் வந்த 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் குழந்தைப் பேறு 1.8, பீகாருக்கு 3.0. அதனால் ஸ்டாலின் பேச்சில் எனக்குக் கேட்பது மத்திய அரசைப் பார்த்துச் சொல்லும் வழக்குத்தான்: உங்கள் சுவரெழுத்தை நாங்கள்தான் நிறைவேற்றினோம், அதற்கு இதுவா பரிசு? அறுபதுகளின் "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற குரலும் அதில் சேர்ந்து ஒலிக்கிறது.

எத்தனை பிள்ளை என்று தீர்மானிப்பது அந்தப் பெண்ணும் அவள் கணவரும். தொகுதிக்காகப் பிள்ளை பெறச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. வழக்கு நியாயமானது, அதை நாடாளுமன்றத்தில் ஜெயிக்க வேண்டும்.

13. "வேற நாட்டுல இப்படிச் சொன்னதையே மாத்திச் சொன்ன அரசாங்கம் உண்டா?"

சிங்கப்பூர். நம்மவர்கள் வாழும் ஊர், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. 1972-இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்று பெரிய பிரசாரம் ஆரம்பித்தார்கள். பிள்ளை கூடக்கூட ஆஸ்பத்திரிக் கட்டணம் ஏறியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. பத்து வருடம் ஆவதற்குள் பிறப்பு விகிதம் மக்கள்தொகை குறையாமலிருக்க வேண்டிய அளவுக்கும் கீழே போய்விட்டது. 1987-இல் அதே கட்சியின் அரசு, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. பிறப்பு விகிதம் அந்த வேண்டிய அளவுக்குத் திரும்பி வரவே இல்லை. நிறுத்தச் சொன்னது கேட்ட அளவுக்குப் பெறச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

14. "எதிரொலின்னு நீங்க சொல்றீங்க. தற்செயலா ஒத்துப்போயிருக்கக் கூடாதா?"

கூடும். "விடியல்", "மாற்றம்", "வளர்ச்சி" எல்லாம் எந்தக் கட்சியும் எந்தக் காலத்திலும் சொல்லும் சொற்கள். அதில் பழைய பிரசாரத்தைத் தேடுவது வீண். சொன்னவரே மூலத்தைச் சுட்டிக்காட்டினால் சந்தேகமே இல்லை. நான்காம் பதிலில் பார்த்தது அப்படி. சுட்டிக்காட்டாவிட்டால் வாக்கிய அமைப்பைப் பார்ப்பேன். "ஹம் பாஞ்ச் ஹமாரே பச்சீஸ்" என்பதில் எண்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய வாசகத்தின் அதே எலும்புக்கூடு.

அதோடு கூட்டம் எப்படிக் கேட்டது என்பதும் வேண்டும். விளக்கம் சொல்லாமலே சிரிப்போ கைத்தட்டலோ வந்தால், அந்த மேடைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு மூலம் தெரியும் என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பேசியவருக்குத் தெரியாது என்று நம்புவது கடினம்.

15. "என் பையனுக்கு 'நாம் இருவர் நமக்கு இருவர்'னா என்னன்னே தெரியல. இந்த ஜெனரேஷன்கிட்ட எதிரொலி எடுபடுமா?"

அந்த வாசகம் எடுபடாது. 2021-லேயே முழக்கத்தைச் சொல்வதற்கு முன் அது எதற்காக இருந்தது என்று ராகுல் காந்தி அவையில் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கென்று வேறு வாசகங்கள் பதிந்திருக்கின்றன. கொரோனா நாட்களில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் ஒலித்த அறிவிப்பு அவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. பையனிடம் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கோட்டைப் படம் உள்ள பக்கத்தில் சின்னதாகக் காந்தியின் மூக்குக் கண்ணாடி, அதோடு தூய்மை இந்தியா இயக்கத்தின் இந்தி வாசகம். 2016 முதல் வந்த புதிய நோட்டுகளில் இருக்கிறது. எந்தப் பிரசாரத்தின் சின்னம் இது, எந்த வருடம் தொடங்கியது, யார் தொடங்கினார் என்று அவனையே தேடிச் சொல்லச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு மேடையில் யாராவது அந்தக் கண்ணாடியை எடுக்கும்போது அவனுக்கு அது பயன்படும்.